சுயுஞ்சு கிடைக்காத செய்தி

சாரி-புலுங் நகரத்து வெப்பக் கம்பெனிக்கு வயது அறுபத்தெட்டு. அதில் வேலை பார்த்த எசென்குலுக்கு ஐம்பத்தெட்டு. இருவருக்கும் மூட்டுகளில்தான் கோளாறு. எசென்குலுக்கு மூட்டு வலித்ததோடு சரி. கம்பெனிக்கு ஒழுகவும் செய்தது.

கம்பெனியின் தொழில் மிக எளிது. ஊருக்கு வெளியே பெரிய கொதிகலனில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். அதைக் குழாய் வழியே நூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் இருக்கும் இரும்பு ரேடியேட்டரைச் சுட வைக்க வேண்டும். ஏப்ரலில் இதை நிறுத்துவதில் கம்பெனி ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இலையுதிர் காலத்தில் தொடங்குவதில்தான் சற்று முன்னே பின்னே ஆகும். முன்னே ஆனதாக யாருக்கும் நினைவில்லை.

எசென்குலின் பதவிக்கு 'நுகர்வோர் தொடர்பு மூத்த ஆய்வாளர்' என்று பெயர். இவ்வளவு நீளமான பதவிக்கு வேலை குறைவாகத்தான் இருக்க முடியும். ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய், இன்ன தேதியில் வெந்நீர் வரும் என்று சொல்வார். பிறகு அதே வீடுகளுக்குப் போய், ஏன் வரவில்லை என்று சொல்வார்.

ஆரம்பத்தில் இது ராஜயோகமான வேலையாக இருந்தது. நல்ல சேதி கொண்டு வருகிறவன் வாசலில் நின்று "சுயுஞ்சு!" என்று கூவினால், வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்ததைப் பரிசாகக் கொடுத்துவிட்டுத்தான் சேதியைக் கேட்க வேண்டும். பேரன் பிறந்தாலும் அப்படித்தான், பட்டாளத்திலிருந்து பையன் திரும்பினாலும் அப்படித்தான், தொலைந்த குதிரை கிடைத்தாலும் அப்படித்தான். வெந்நீர் வரும் தேதியும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தது. இளம் எசென்குல் காலையில் வெறுங்கையோடு போய், மாலையில் கம்பளிக் கையுறை, உலர்ந்த ஆப்ரிகாட் பழம், ராஸ்பெரி ஜாம் என்று சுமந்துகொண்டு வருவார். ஒரு தடவை உயிருள்ள கோழி ஒன்றும் வந்தது. சொன்ன தேதியில் வெந்நீரும் வந்தது.

பிறகு குழாய்கள் கிழடாயின. இயக்குநர்கள் மாறினார்கள். தேதி மட்டும் மாறாமல் அறிவிக்கப்பட்டு வந்தது. வெந்நீர் தவறிய முதல் வருடம் ஜனங்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். இரண்டாம் வருடம் பதினேழு வீட்டுக்காரர்கள் கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்டார்கள். எசென்குல் பதினாறைத் திருப்பிக் கொடுத்தார். பதினேழாவது ஜாம். அது அதற்குள் தீர்ந்து போயிருந்தது. அந்த ஜாமுக்குச் சொந்தக்காரர் இன்றைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால், "எப்படி, நல்லா இருந்துச்சா பைக்கே?" என்று அக்கறையாக விசாரிப்பார். 'பைக்கே' என்பது வயதில் பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவது.

அதற்குப் பின் அவருடைய கூவலுக்கு ஊர் வேறு விதமாகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டது. "ரேடியேட்டர்கிட்டப் போய்க் கேளு" என்றார்கள். ஒரு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், இடதுகைக் கையுறையை மட்டும் நீட்டி, "வலது கை, தண்ணி வந்தப்புறம்" என்றார். எசென்குலின் வீட்டில் இப்போது ஒன்பது இடதுகைக் கையுறைகள் இருக்கின்றன.

இதையெல்லாம் எசென்குல் பொறுத்துக்கொண்டார். கம்பெனிமேல் ஊருக்கு நம்பிக்கை போனால் அது கம்பெனியின் கவலை என்று இருந்தார். அது அவருடைய மகள் பெர்மெட்டின் கல்யாணத்தில் வந்து இடித்தபோதுதான் நிலைமை மோசமானது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெர்மெட்டும் பல் கட்டும் மெடெரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையனின் அம்மா வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டால் நிச்சயம் முடிந்தது. பையனின் அம்மா சூரா, பிரசவ ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் மருத்துவச்சியாக இருந்தவள். ஊரில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவள் என்பதால், மீதிப் பாதியும் அவளுக்குப் பயந்தது. அவள் குடியிருந்தது பதினாலாம் நம்பர் கட்டடத்தின் நாலாம் மாடி. வெப்பக் குழாய் அத்தனை வீடுகளையும் சுற்றிவிட்டுக் கடைசியாக வந்து சேர வேண்டிய இடம்.

செப்டம்பர் கடைசியில் எசென்குல் அங்கே பேசப் போனார். சூரா கோட்டைக் கழற்றாமலே தேநீர் ஊற்றினாள்.

"உன் பொண்ணு தங்கம், எசென்குல். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. குறை உன்கிட்டதான்."

"நான் என்ன பண்ணேன், எஜே?" சூராவை ஊரே 'எஜே', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த வாசல்ல நின்னு இருபத்திரண்டு தேதி சொல்லியிருக்க. அதுல ஒண்ணாவது நிஜமா?"

"அது கம்பெனி கொடுத்த தேதி, எஜே."

"வாய் யார் கொடுத்தது?"

எசென்குல் அந்த வாயைத் தேநீர்க் கிண்ணத்தில் வைத்து மூடிக்கொண்டார்.

"அம்மா வயித்துல இருக்கற புள்ளையே நான் சொன்ன வாரத்துல வெளிய வருது. இரும்புக் குழாய்ல இருக்கற தண்ணிக்கு என்ன கேடு?" என்றாள் சூரா. "நாளைக்கு நீ கல்யாணத்துக்கு ஒரு தேதி சொல்லுவ. அதை நம்பி நான் இருநூறு பேரைக் கூப்பிட்டு, மண்டபத்துல தனியா நிக்கணுமா? ஒண்ணு பண்ணு. இந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு நிஜமான தேதி சொல்லு. அன்னிக்கே கம்மலோட உன் வீட்டுக்கு வர்றேன்."

வீட்டில் பெர்மெட் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"மெடெர் ஒண்ணும் பேசலையா?" என்றார் எசென்குல்.

"பேசினாராம்ப்பா. மின்சார ஹீட்டர் வாங்கித் தர்றேம்மான்னாராம். 'அப்ப அந்த ஹீட்டரையே கட்டிக்கோ'ன்னுட்டாங்களாம்."

அந்த வருடத்தைக் கம்பெனி 'நம்பிக்கை மீட்பு ஆண்டு' என்று அறிவித்திருந்தது. புது இயக்குநர் தலான்ட் மமிரோவிச்சுக்கு முப்பத்தைந்து வயது. தலைநகரில் மூன்று வாரம் பயிற்சி பெற்று வந்தவர். வந்த முதல் மாதத்தில் கம்பெனியின் சின்னத்தை மாற்றினார். பழைய சின்னத்தில் ஒரு ரேடியேட்டர் இருந்தது. புதிய சின்னத்தில் அது சிரித்தது. இரண்டாம் மாதம் ஊர் முழுக்க ஒரு படிவம் அனுப்பினார். 'எங்களை நம்புகிறீர்களா?' என்பது கேள்வி. 'ஆம்', 'மிகவும் ஆம்', 'கேட்கவே வேண்டாம்' என்று மூன்று பதில்கள். ஜனங்கள் கையுறையைக் கழற்றாமலே குறி போட்டுக் கொடுத்தார்கள். இயக்குநர் எண்ணிப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கம்பெனியை நம்பினார்கள். மீதி நாலு பேர் மூன்றாவது பதிலுக்குக் குறி போட்டு, பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். அது சபையில் படிக்கத் தக்கதாக இல்லை.

அக்டோபர் இருபதாம் தேதி வெந்நீர் திறக்கப்படும் என்று ஊழியர் கூட்டத்தில் தலான்ட் மமிரோவிச் அறிவித்தார். கம்பெனி பிறந்த நாளும் அதுதான். ஊர் முழுக்கப் போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். முப்பத்து மூன்று வருடச் சேவையில் முதல் முறையாக எசென்குல் கையைத் தூக்கினார்.

"அன்னிக்கு நிஜமாவே வந்துடுமா, தலான்ட் மமிரோவிச்?"

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. சாப்பாட்டுக்கு நடுவே ஏப்பம் விட்டவரைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"எசென்குல் பைக்கே," என்றார் இயக்குநர் கனிவாக, "நம்பிக்கைங்கறது தேதில இல்ல. மனசுல இருக்கு."

சூராவின் கம்மல் மனதில் போடும் கம்மல் அல்ல என்பதால், எசென்குல் அன்று மதியமே பேருந்து பிடித்துக் கொதிகலன் நிலையத்துக்குப் போனார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே போனதே இல்லை. அவருடைய துறை தொடர்பு. கொதிகலனோடு அவருக்குத் தொடர்பு இருக்கவில்லை.

தலைமைக் கொதிகலன்காரர் சாபிர், நிலக்கரித் தூசி படிந்த மேஜையில் முட்டைக்கோஸ் சமோசா தின்றுகொண்டிருந்தார்.

"வெந்நீர் எப்ப வரும், சாபிர்?"

சாபிர் மெல்வதை நிறுத்தினார். "யார் கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தெரிஞ்சுக்கணும்."

"அட!" சாபிர் சமோசாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். எப்ப வரும்னு என்கிட்ட ஒரு மனுஷன் கேட்டதில்ல. மேல இருந்து தேதி வரும். நாங்க அதைச் சுவத்துல ஒட்டி வெச்சுச் சிரிச்சுக்குவோம். உக்காரு. ரெண்டாம் நம்பர் பம்ப்போட தண்டு தலைநகரத்துல, பிஷ்கேக் பட்டறையில கிடக்கு. இருபத்தெட்டுக்கு முன்ன வராது. மாட்ட மூணு நாள். குழாய்ல தண்ணி ரொப்ப அஞ்சு நாள். உள்ள நிக்கற காத்தை வெளிய விட ரெண்டு நாள். முதல் பாதி ஊருக்கு நவம்பர் எட்டு. உன் பதினாலாம் நம்பருக்கு ஒன்பது."

"நாலாம் மாடிக்கு?"

"ஒன்பது, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பொருளை இத்தனை வருடம் யாரும் எடுக்காமல் விட்டிருக்கிறார்களே என்று எசென்குலுக்கு வியப்பாக இருந்தது.

மறுநாள் அவர் சூராவின் வாசலில் நின்றார். பழக்க தோஷத்தில் வாய் "சு—" என்று தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார்.

"இருபதாம் தேதி வராது, எஜே."

சூரா கதவைப் பிடித்தபடி நின்றாள். "என்ன சொன்ன?"

"போஸ்டர்ல போட்டிருக்கறது பொய். நவம்பர் ஒன்பது, மத்தியானத்துக்கு மேல. அதுவரைக்கும் கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுங்க."

சூரா உள்ளே போய், நாட்காட்டியில் நவம்பர் ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தாள். கதவைச் சாத்துவதற்கு முன், "பாப்போம்" என்றாள்.

எசென்குல் நாலு மாடி இறங்குவதற்குள் சேதி அவருக்கு முன்னால் இறங்கியிருந்தது. கீழே பத்துப் பேர் நின்றார்கள். "எங்க ஆறாம் நம்பருக்கு எப்ப, பைக்கே?" "எங்க மாமியார் பன்னெண்டுல இருக்காங்க, அங்க?" வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஊர் அவரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றது. அவர் சாபிர் சொன்னதை அப்படியே சொன்னார். எல்லாமே கெட்ட சேதி. எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

இடதுகைக் கையுறை கொடுத்த ஓட்டுநர்தான் தர்மசங்கடப்பட்டார். "நல்ல சேதிக்கு சுயுஞ்சு குடுப்போம். கெட்ட சேதியை இப்படி ஒழுங்கா வந்து சொன்னா என்ன குடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லி வைக்கலையேப்பா" என்று குழம்பி, கடைசியில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்து நீட்டினார். இரண்டு காலுக்கும் இருந்தது.

அக்டோபர் இருபதாம் தேதி விழா குறித்த நேரத்தில் தொடங்கியது. மேடையில் ஒரு ரேடியேட்டருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரை உள்ளே ஊற்றி வைத்திருந்தார்கள். தலான்ட் மமிரோவிச் ரிப்பனை வெட்டி, ரேடியேட்டரைத் தொட்டு, "இதமாக இருக்கிறது!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். கேட்பதற்கு ஊழியர்களும் அக்கார்டியன் வாசிப்பவரும் மட்டுமே இருந்தார்கள். ஊர், விறகும் கம்பளியும் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தது.

மறுநாள் எசென்குலை அறைக்குக் கூப்பிட்டார்கள். 'அனுமதியின்றி உண்மையை முன்கூட்டியே வெளியிட்டது' என்று குற்றப்பத்திரிகை தயாராக இருந்தது.

"ஒரு வருஷமா நான் கட்டின நம்பிக்கையை ரெண்டே நாள்ல இடிச்சிட்டீங்களே, பைக்கே!" என்றார் இயக்குநர். "கையெழுத்துப் போட்டேன்னா நீங்க வீட்டுக்குத்தான்."

அவர் பேனாவை எடுத்தபோது, தொலைபேசியில் புகார் கேட்கும் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"சார், லைன் செத்துப்போச்சு போல. வருஷா வருஷம் இருபத்தொண்ணாம் தேதி காலைல முன்னூறு பேர் திட்டுவாங்க. இன்னிக்கு ஒருத்தர்கூடக் கூப்பிடல. நானே என் தங்கச்சியை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். லைன் நல்லாத்தான் இருக்கு."

தலான்ட் மமிரோவிச் பேனாவை மூடினார். சிரிக்கும் ரேடியேட்டர் சின்னம் கடைசியில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். குற்றப்பத்திரிகை மேஜை இழுப்பறைக்குள் போனது. "நவம்பர் ஒன்பது வரைக்கும் பாப்போம்" என்றார். ஆக, இயக்குநரும் சூராவும் ஒரே தேதியில் வந்து நின்றார்கள்.

நவம்பர் எட்டாம் தேதி முதல் பாதி ஊருக்கு வெந்நீர் வந்தது. எசென்குல் குடியிருந்த ஒன்பதாம் நம்பர் கட்டடமும் அதில் சேர்த்தி. ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு சாபிர் தொலைபேசியில் பேசினார்.

"பதினாலாம் நம்பருக்குப் போற கிளையில, மூட்டு ஒழுகாம இருக்க வெக்கற கேஸ்கெட் பிஞ்சிடுச்சு. புதுசு வெட்டிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு நடக்காது. பதினொண்ணாம் தேதி மத்தியானம்."

எசென்குல் நாற்காலியில் உட்கார்ந்தார். நூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களில் பிய்வதற்கு அந்த ஒரு கேஸ்கெட்தானா கிடைத்தது?

மனைவி உல்கான் நிலைமையை ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். "காய்ச்சல்னு படுத்துக்கோங்க. கம்பெனி வேற யாரையாவது அனுப்பட்டும். நான் வாசல்ல சொல்லிக்கறேன்."

"கம்பெனி யாரையும் அனுப்பாது. பதினாலாம் நம்பருக்கு வெந்நீர் போயிடுச்சுன்னு இந்நேரம் அறிக்கை எழுதியிருக்கும்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகும் வழியெல்லாம், சூடு வந்துவிட்ட கட்டடங்களிலிருந்து ஜனங்கள் ஓடிவந்து, "பைக்கே, சொன்ன நாள்ல வந்துடுச்சு!" என்று அவர் கையில் எதையாவது திணித்தார்கள். பதினாலாம் நம்பர் வாசலுக்கு வந்தபோது அவர் கைகளில் ஊறுகாய் ஜாடி இரண்டும் ஆப்பிள் பை ஒன்றும் இருந்தன. பொய் சொல்லிப் பரிசு வாங்கிய பழைய எசென்குல் போலவே இருந்தார்.

நாலாம் மாடியில் கதவு திறந்தது. உள்ளே சூராவோடு அவளுடைய சகோதரிகளும் நாத்தனார்களுமாக ஆறு பெண்கள், மாலையில் கம்மல் போடப் போவதற்காகப் பட்டு உடை உடுத்தி, வீடு சூடாகும் என்று நம்பிக் கோட்டைக் கழற்றிவிட்டு, வரிசையாக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் வெள்ளைத் துணியில் கம்மல் பெட்டி இருந்தது.

"இன்னிக்கு வராது, எஜே."

ஆறு பெண்களும் நடுக்கத்தை நிறுத்தினார்கள்.

"கேஸ்கெட் பிஞ்சிடுச்சு. பதினொண்ணாம் தேதி மத்தியானம் வரும். சாபிர் வெட்டிக்கிட்டிருக்கார். போன மாசம் நான் சொன்ன தேதி தப்பு."

சூரா ஐந்து நிமிடம் அவரைத் திட்டினாள். பிரசவ அறையில் வலி தாங்காத பெண்களிடம் நாற்பது வருடமாகக் கேட்டுச் சேமித்த சொற்கள் எல்லாம் அதில் வந்தன. மூச்சு வாங்கியபின், "உன்னை யார் அனுப்பினா?" என்றாள்.

"யாரும் அனுப்பல."

"நான் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, தானே தெரிஞ்சுக்கிட்டிருப்பேனே. எதுக்கு வந்த?"

"வேற யாரு வந்து சொல்லுவா?"

மூத்த நாத்தனார் பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் வைக்கப் போனாள். "தேதி தப்பிடுச்சுல்ல, சூரா. அப்புறம் என்ன? கோட்டை எடுங்க, வீட்டுக்குப் போவோம்."

"கீழ வை அதை," என்றாள் சூரா. "உனக்கு மூணாவது பிரசவத்துல நான் சொன்ன தேதிக்கு அப்புறம் ஆறு நாள் ஆச்சு. ஞாபகம் இருக்கா? ஆறு நாளும் உன் கட்டில் பக்கத்துல யாரு உக்காந்திருந்தா? தேதி தப்பினா அன்னிக்கு நான் லீவு போட்டேனா?" பிறகு எசென்குல் பக்கம் திரும்பினாள். "அந்த கேஸ்கெட்டை உன் கண்ணால பாத்தியா?"

"இல்ல எஜே. போன்லதான்..."

"பதினொண்ணுக்கு முன்ன போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு. இப்ப ஜாடியைக் கீழ வெச்சிட்டு நட. உன் வீடாவது சூடா இருக்குமில்ல? இவளுங்க விறைச்சுப்போறதுக்குள்ள கூட்டிட்டுப் போ."

பட்டு உடைக்கு மேல் கோட்டுப் போட்ட ஏழு பெண்கள் தெருவில் நடக்க, எசென்குல் பின்னால் வந்தார். ஒன்பதாம் நம்பர் வாசலில் உல்கான் கதவைத் திறந்து, சூராவைக் கண்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அவருக்கு நூத்தி மூணு காய்ச்சல், எஜே. படுத்த படுக்கையா கிடக்கார்" என்றாள். சூரா சற்று விலகிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஆப்பிள் பையோடு நின்ற எசென்குல், மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இந்த வீட்டுல நிஜம் பேசறது ஒருத்தர்தான் போல" என்று சொல்லிக்கொண்டே சூரா உள்ளே நுழைந்தாள். பெர்மெட்டின் காதில் கம்மல் ஏறியது.

பதினோராம் தேதி காலை எசென்குல் கொதிகலன் நிலையத்துக்குப் போய், கேஸ்கெட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மத்தியானம் நாலாம் மாடிக்கு வெந்நீர் வந்தது. இயக்குநர் அந்த மாதமே 'கெட்ட செய்திப் பிரிவு' என்று ஒரு புதிய பிரிவைத் தொடங்கி, எசென்குலை அதற்குத் தலைவராக்கினார். அதற்கும் படிவம் அச்சாகிவிட்டது. 'எங்கள் கெட்ட செய்தியில் திருப்தியா?' என்பது முதல் கேள்வி.

தலைவரின் மகள் கல்யாணத்துக்குக் கம்பெனியின் சொந்த விழா மண்டபத்தை இலவசமாகத் தருவதாகவும் இயக்குநர் சொன்னார். எசென்குல் அதைச் சூராவிடம் போய்ச் சொன்னார்.

"தேதி ஜனவரி பதினெட்டு. அதை நான்தான் சொல்லுவேன், நீ வாயைத் திறக்காத" என்றாள் சூரா. "மண்டபம், சந்தைக்குப் பக்கத்துல இருக்கே, நிலக்கரி அடுப்பு வெச்சது, அதுதான்."

"ஏன் எஜே? நான் நிஜம் பேசறவன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உன்னை நம்பறேன். உன் குழாயை நம்பறேன்னு எப்ப சொன்னேன்?"

எசென்குல் உடனே ஒப்புக்கொண்டார். ஜனவரியைப் பற்றி சாபிரிடம் அவர் முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தார்.